மான்ட்கோமரித் தெருவோவியரும் அவர்தம் புரவலரும்

புரவலர் என்னும் சொல்லைச் செவியுற்ற அளவிலேயே நம் உள்ளத்தில் தோன்றுவோர் முடியுடை வேந்தரும் குறுநில மன்னருமே ஆவர். கபிலரைப் போற்றிய பாரியையும், ஔவையைப் போற்றிய அதியமானையும் பள்ளிப் பாடநூல்களில் பயின்று வளர்ந்தவர்கள் நாம். அப்புரவலர்கள் மலையும் நாடும் உடையவர்கள். அவர்களைப் பாடியவர்களோ கற்றறிந்த சான்றோர்கள். ஆயின், ஆளும் நாடும் இன்றி, குவித்த பொருளும் இன்றி, இருபத்தைந்து வயது நிரம்பிய ஓர் இளைஞர், எழுதப் படிக்க அறியாத எண்பத்தைந்து வயது முதியவர் ஒருவருக்குப் புரவலராய் விளங்கிய வரலாறு ஒன்று உண்டு. அம்முதியவர் அடிமையாகப் பிறந்தவர். அவர் பெயர் பில் டிரெய்லர். அவ்விளைஞரின் பெயர் சார்லஸ் ஷானன். இருவரும் வாழ்ந்த ஊர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்கோமரி.

கடல் கடந்த நாட்டின் கதை நம் வெள்ளிவிழா மலருக்கு எதற்கு என்று சிலர் கருதக்கூடும். அந்நாட்டுக் கறுப்பின மக்களின் துயரத்தையும் நம் மக்களின் துயரத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். 1946ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்கு அவர் மடல் எழுதினார். டுபாய்சும் மறுமொழி விடுத்தார். 1959ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், தம் மாணவர்களிடம் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள மற்றொரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டதாகவும், பின்னர் எண்ணிப் பார்த்து அவ்வுண்மையை ஏற்றுக்கொண்டதாகவும் கிங் அவர்களே 1965ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றில் கூறியுள்ளார். அவர் இந்தியாவுக்கு வந்த அந்நாளில் திருச்சபை ஊழியராய்ப் பணியாற்றிய நகரமும் இதே மான்ட்கோமரிதான். ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

அடிமையாய்ப் பிறந்தவர்

பில் டிரெய்லர் 1853ஆம் ஆண்டளவில் அலபாமாவின் டல்லஸ் மாவட்டத்தில் ஒரு பருத்திப் பண்ணையில் பிறந்தார். பெற்றோர் அப்பண்ணையின் அடிமைகள். பண்ணை முதலாளியின் குடும்பப் பெயர் டிரெய்லர். மாட்டுக்குச் சூடு போடுவது போல, உடையவன் பெயரே உழைப்பவன் பெயராக ஒட்டிக்கொண்டது. தம் வாழ்நாள் முழுவதும் அவர் சுமந்த பெயர் தம் முன்னோரின் பெயரன்று. தம்மை விலைப்பொருளாக வைத்திருந்த குடும்பத்தின் பெயர்.

அக்கால அலபாமாவில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றம். 1832ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், கறுப்பினத்தவர்க்கு எழுதவோ படிக்கவோ கற்றுத் தருவோர்க்குத் தண்டம் விதித்தது. கல்வி எந்த மக்களிடமிருந்து மறைக்கப்படுகிறதோ அந்த மக்களே அதிகாரத்தின் அச்சத்திற்குரியவர்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நம் மூதாதையர்க்கு எழுத்து எட்டாதவாறு தடுத்த வழக்காறுகளை இவ்விடத்தில் இளைஞர்கள் நினைவுகூர்வார்களாக.

1861ஆம் ஆண்டில் அடிமை முறையைக் காப்பதற்கென்று தென்மாநிலங்கள் தனி அரசு அமைத்தபோது, அதன் முதல் தலைநகரம் ஆயிற்று மான்ட்கோமரி. நான்காண்டு உள்நாட்டுப் போரின் முடிவில் 1865ஆம் ஆண்டு அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அப்போது பில்லுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வயது. விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. விடுதலை பெற்றவர்கள் பழைய முதலாளிகளின் நிலங்களிலேயே கூலிகளாகவும் வாரக்குடிகளாகவும் உழைத்தனர். விதையும் முன்பணமும் முதலாளி தருவார். அறுவடைக் காலத்தில் கணக்குப் பார்ப்பவரும் அவரே. கணக்கின் முடிவில் உழவனுக்கு எஞ்சுவது பெரும்பாலும் கடனே. 1901ஆம் ஆண்டில் அலபாமா இயற்றிக்கொண்ட அரசியல் அமைப்பு, எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி என்னும் இரு வாயிற்கதவுகளை அமைத்துக் கறுப்பின மக்களின் வாக்குரிமையையும் பறித்துவிட்டது.

இத்தகைய சூழலில் டிரெய்லர் பல மக்களுக்குத் தந்தையானார். பல பத்தாண்டுகள் ஏர் பிடித்தார். 1910ஆம் ஆண்டளவில் மான்ட்கோமரியை அடுத்த பகுதியில் குத்தகை உழவராக வாழ்ந்தார். எழுபது வயதைக் கடந்தபின், 1920களின் பிற்பகுதியில், தனியராய் நகருக்குள் வந்து சேர்ந்தார். 1929ஆம் ஆண்டில் அவர்தம் மகன் ஒருவர் பர்மிங்காம் நகரில் காவல்துறையினரால் கொல்லப்பட்டார். கையும் காலும் முடக்குவாதத்தால் தளர்ந்தன. அரசு வழங்கிய சிறு உதவித்தொகையே வருவாய்.

தெருவோரத்து ஓவியக்கூடம்

மான்ட்கோமரியில் கறுப்பின மக்களின் கடைகளும் தொழிலகங்களும் நிறைந்த பகுதி மன்றோ தெரு. வெள்ளையர் கடைவீதிகளில் அவமதிக்கப்பட்ட மக்கள் தலை நிமிர்ந்து நடமாடிய தெரு அது. அங்கே கறுப்பினத்தவர் நடத்திய ஈமக்கடன் நிலையம் ஒன்றின் பின்னறையில் இரவில் படுத்துக்கொள்ள டிரெய்லருக்கு இடம் தந்திருந்தனர். பகல் முழுவதும் தெருவோரத்தில் ஒரு பெட்டியின் மேல் அமர்ந்திருப்பார், வெண்தாடி, அருகில் இரு கைத்தடிகள், மடியில் ஒரு பலகை. அப்பலகையின் மேல் தெருவில் எறியப்பட்ட அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, சிறு குச்சியை அளவுகோலாகப் பிடித்துப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருப்பார்.

எண்பத்தைந்து வயதளவில் அவர் படம் வரையத் தொடங்கியது ஏன்? எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. எந்த ஓவியக்கூடத்திலும் அவர் கால் வைத்ததில்லை. ஆனால், எண்பது ஆண்டுகளாகக் கண்கள் கண்டவை உள்ளத்தில் குவிந்து கிடந்தன. எழுத்து அறிந்திருந்தால் அவற்றை அவர் நூலாக எழுதியிருக்கக்கூடும். எழுத்துக் கதவு அடைபட்டமையால் கோட்டின் வழியே அவை வெளிப்பட்டன என்று கொள்வதே பொருந்தும்.

ஓவியர் கண்டெடுக்கப்பட்டார்

1939ஆம் ஆண்டின் வெயிற்காலம் தொடங்கும் வேளையில் மன்றோ தெரு வழியே வந்த ஷானன், இம்முதியவரைக் கண்டு நின்றார். ஷானன் 1914ஆம் ஆண்டு மான்ட்கோமரியில் பிறந்த வெள்ளையர். கிளீவ்லாந்து நகரில் ஓவியக் கல்வி பயின்றவர். தாமும் ஓர் ஓவியர். அலபாமாவின் நாட்டுப்புறத்தில் மரக்கட்டைகளால் குடில் அமைத்து, அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களின் வாழ்வை வரைந்து வந்தவர். கறுப்பின மக்களின் கல்விக்குப் பெருந்துணை புரிந்த ரோசன்வால்டு அறநிதியத்தின் உதவித்தொகையும் பெற்றவர்.

அத்தெருவழியே நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் சென்றனர். முதியவர் ஒருவர் பொழுது போக்குகிறார் என்று எண்ணிப் பலர் கடந்திருப்பர். ஷானன் மறுநாளும் வந்தார். அதன் பின்னரும் வந்தார். தொடக்கத்தில் எலி, கோப்பை, காலணி போன்ற சிறு பொருள்களை வரிசை வரிசையாக வரைந்துகொண்டிருந்த முதியவரின் கை, சில கிழமைகளிலேயே மனிதரையும் விலங்கையும் வரையும் திறம் பெற்று வளர்ந்ததை அவர் அருகிருந்து கண்டார். தம் கண்முன் ஒரு பெருங்கலைஞர் உருவாகிறார் என்பதை ஓவியம் பயின்ற அவர் கண் உணர்ந்துகொண்டது.

அதன்பின் ஷானன் செய்த உதவி மிக எளியது. வண்ணக்குழம்புப் புட்டிகளையும் தூரிகைகளையும் பென்சில்களையும் கொண்டுவந்து கொடுத்தார். தூய வெள்ளை அட்டைகளையும் கொடுத்தார். வண்ணங்களை முதியவர் மகிழ்ந்து ஏற்றார். புதிய அட்டைகளில் அவர்க்கு அவ்வளவு நாட்டம் இல்லை. கறை படிந்தும் மூலை மடங்கியும் கிடந்த பழைய அட்டைகளையே விரும்பினார். புதிய அட்டை காய் போன்றது, பழுக்க வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் கூறியதாக ஷானன் நினைவுகூர்ந்துள்ளார். அட்டையில் ஒரு கறை இருந்தால் அக்கறையைச் சுற்றியே உருவத்தை அமைப்பார். ஓரம் வளைந்திருந்தால் அவ்வளைவுக்கு ஏற்ப விலங்கின் முதுகை வளைப்பார். கோணல் அட்டையும் அவர் கையில் அணியாயிற்று.

இங்கே புரவலரின் பண்பு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஷானன் ஓவியக் கல்வி பெற்றவர், முதியவரோ பெறாதவர். அப்படியிருந்தும், இப்படி வரையுங்கள், இக்கோட்டைத் திருத்துங்கள் என்று அவர் கற்பிக்க முற்படவில்லை. கேட்பதற்கு ஏற்ற துணைப்பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கொடுத்தவர் பலர், கொடுத்தபின் கலைஞனைத் தம் விருப்பிற்கு வளைக்காதவர் சிலரே.

முதியவர் என்னதான் வரைந்தார்? கழுதையும் குதிரையும் கலந்த இனமாகிய கோவேறு கழுதை, உழவுக்காலத் துணை ஆதலின், அவர் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வரும். சீறும் நாய், கொழுத்த பன்றி, நெளியும் பாம்பு, பூனை, பறவை ஆகியவை வரும். உயரத் தொப்பி அணிந்த ஆடவர், குடை பிடித்த மகளிர், குடிகாரர் ஆகியோர் வருவர். வீடுகளின் கூரைமீதும் மரங்களின் உச்சியிலும் மனிதர் ஏறுவர், கீழே தடி ஓங்கியும் துப்பாக்கி ஏந்தியும் சிலர் துரத்துவர், நாய்கள் பாயும். முதலில் காண்போர்க்கு அவை வேடிக்கைக் காட்சிகளாகத் தோன்றும். அடிமை வாழ்வின் அச்சத்தையும், விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த வன்முறையையும் அவ்வோவியங்கள் உள்ளடக்கியுள்ளன என்று இக்கால ஆய்வாளர் விளக்குகின்றனர். வெளிப்படையாகப் பேசினால் உயிர்க்கு ஊறு நேரும் ஊரில், பேச வேண்டியவற்றை அவர் கோட்டால் பேசினார்.

வரைந்த ஓவியங்களைக் கயிற்றில் கோத்து வேலியில் தொங்கவிடுவார். வழிப்போக்கர் சிலர் சில்லறைக் காசு கொடுத்து வாங்குவர். தேவையில்லாதவர்களும் வாங்கிச் செல்கிறார்களே என்று அவர் வியந்து நகைப்பாராம். ஷானனும் காசு கொடுத்து வாங்கினார். ஏனையோர் ஒன்றிரண்டு வாங்க, அவர் நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். 1939 முதல் 1942 வரையுள்ள ஏறத்தாழ மூன்றாண்டுகளில் முதியவர் வரைந்தவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இன்றும் எஞ்சியிருப்பதற்கு இச்சேகரிப்பே முதற்காரணம். ஷானனின் நண்பர் வட்டத்தாரின் உதவியால் டிரெய்லர் தம் பெயரின் எழுத்துகளை வரையவும் கற்றார். சில ஓவியங்களில் அக்கையொப்பத்தைக் காணலாம். சட்டத்தால் எழுத்து மறுக்கப்பட்ட குழந்தை, எண்பத்தைந்து வயதைத் தாண்டித் தன் பெயரை எழுதிற்று!

இரு கண்காட்சிகள்

ஷானனும் அவருடைய நண்பர்களும் மான்ட்கோமரியில் நியூ சவுத் என்னும் பெயரில் ஒரு கலை மன்றத்தை அமைத்திருந்தனர். 1940ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அம்மன்றத்தில் டிரெய்லரின் ஓவியங்கள் நூறளவு காட்சிக்கு வைக்கப்பட்டன. மக்கள் கலைஞர் பில் டிரெய்லர் என்பதே அக்கண்காட்சிக்கு அவர்கள் இட்ட பெயர். தென்மாநிலத்தில், வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் பள்ளியும் தனி, தண்ணீர்க் குழாயும் தனி என்றிருந்த நாளில், அடிமையாய்ப் பிறந்த ஒருவரைக் கலைஞர் என்று பெயர் சுட்டி அழைத்தது சிறிய செயல் அன்று. கண்காட்சிக்கு முதியவரை ஷானன் அழைத்து வந்தார். அவர் சுற்றிப் பார்த்தார். பின்னர்த் தம் தெருவோரத்துக்குத் திரும்பி மீண்டும் வரையத் தொடங்கினார்.

1942ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஃபீல்ட்ஸ்டன் பள்ளியில் இரண்டாம் கண்காட்சி நடைபெற்றது. அதன் தொடர்பாக நிகழ்ந்த ஒரு செய்தி இவ்வரலாற்றின் திருப்பம் எனத் தகும். அந்நகரின் புகழ்வாய்ந்த நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆல்ஃபிரட் பார், பதினாறு ஓவியங்களைத் தெரிந்தெடுத்து, சிறியதற்கு ஒரு டாலர், பெரியதற்கு இரண்டு டாலர் என்று விலை குறித்துக் காசோலை விடுத்தார். ஓவியங்களைத் திருப்பி அனுப்புமாறு ஷானன் வற்புறுத்தினார். அவையும் திரும்பி வந்தன. அமெரிக்காவின் தலைசிறந்த அருங்காட்சியகம் ஒன்றில் ஓவியம் இடம்பெறும் என்னும் பெருமையைக் காட்டிலும், கலைஞரின் மதிப்பே அவருக்குப் பெரிதாக இருந்தது. பெரிய இடத்துக் கதவு திறக்கும்போது, குனிந்து நுழைய வேண்டுமாயின் நுழையாதிருப்பதே மேல் என்று அவர் கருதினார் போலும்.

பிரிவும் மறைவும்

அவ்வாண்டிலேயே ஷானன் இரண்டாம் உலகப் போரின் பொருட்டுப் படைப்பணிக்குச் சென்றார். பசிபிக் பெருங்கடற் பகுதியில் பணியாற்றினார். டிரெய்லரும் மான்ட்கோமரியை விட்டு வடமாநில நகரங்களில் வாழ்ந்த தம் மக்களை நாடிச் சென்றார். அக்காலத்தில் கால் அழுகல் நோயால் அவருடைய ஒரு காலை அகற்ற நேர்ந்தது. பின்னர் ஊர் திரும்பினார். மான்ட்கோமரியில் மகள் ஒருவர் இருப்பதால் அரசு உதவித்தொகை தருவதற்கில்லை என்று அதிகாரிகள் கூறிவிட்டனர். ஆகவே தெருவோரத்தை விட்டு மகள் வீட்டில் தங்கலானார்.

போர் முடிந்து திரும்பிய ஷானன் அவரைக் காணச் சென்றார். ஒற்றைக் காலுடன் மரத்தடியில் அமர்ந்திருந்த முதியவரிடம் பழைய ஊக்கம் காணப்படவில்லை. மன்றோ தெருவின் நடமாட்டமும் பேச்சும் இல்லாத இடத்தில் அவருடைய கை ஓய்ந்துவிட்டது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் மான்ட்கோமரியில் ஒரு மருத்துவமனையில் பில் டிரெய்லர் மறைந்தார். அவரை அடக்கம் செய்த இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றும் நடப்படவில்லை. அவர் 1947ஆம் ஆண்டில் மறைந்தார் என்றே ஷானன் நெடுங்காலம் எண்ணியிருந்தார். பிற்கால ஆய்வாளர் ஆவணங்களைத் தேடி உண்மை நாளை நிலைநாட்டினர்.

முப்பதாண்டுக் காவல்

நண்பர் மறைந்தார், நட்பு மறையவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட அட்டை ஓவியங்கள் ஷானனின் பொறுப்பில் இருந்தன. அக்காலத்தில் அவற்றுக்குச் சந்தை மதிப்பு இல்லை, கேட்பாரும் இல்லை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் அட்டை; எலி கடிக்கும் அட்டை; வீட்டைத் துப்புரவு செய்யும்போது முதலில் வெளியே எறியப்படும் அட்டை. அவற்றை அவர் எறியவில்லை. முப்பதாண்டுக் காலம் கட்டிக் காத்தார்.

இதற்கிடையே அந்நகரில் வரலாறு திரும்பிற்று. 1955ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் வெள்ளையர்க்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துச் சிறைப்பட்டார். கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்துகளைப் புறக்கணித்து, கால்நடையாய் நடந்து வென்றனர். டிரெய்லர் அமர்ந்திருந்த தெருக்களின் மக்களே அந்நடையை நடந்தவர்கள்.

1970களின் நடுப்பகுதியில் ஷானனும் அவர்தம் துணைவியாரும் ஓவியங்களை வெளியே எடுத்து, தூய்மை செய்து, பொருள் வாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டனர். 1979ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு காட்சிக்கூடத்தில் அவை வைக்கப்பட்டன. 1982ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரின் கார்க்கரன் கலைக்கூடம் கறுப்பின நாட்டார் கலைஞர் இருபதின்மர் ஓவியங்களையும் சிற்பங்களையும் திரட்டி நடத்திய கண்காட்சியில் டிரெய்லரின் ஓவியங்களே பலருடைய உள்ளத்தையும் கவர்ந்தன. ஓவியங்கள் முப்பதளவினை மான்ட்கோமரி நுண்கலை அருங்காட்சியகத்துக்கு ஷானன் வழங்கினார். 2018ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்கள் 155ஐத் திரட்டிப் பெருங்கண்காட்சி நடத்திற்று. 2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவருடைய ஓர் ஓவியம் ஏலத்தில் 5,07,000 டாலருக்கு விலை போயிற்று. ஒன்றும் இரண்டும் டாலராக மதிக்கப்பட்ட அதே கையின் வேலைப்பாடு அது!

கணக்கும் வழக்கும்

இத்துடன் முடித்திருந்தால் இக்கட்டுரை ஒரு புகழ்மாலையாகிவிடும். வரலாறு எழுதுவோன் மறுபக்கத்தையும் காட்டக் கடமைப்பட்டவன்.

ஓவியங்களின் மதிப்பு உயர்ந்தபின், டிரெய்லரின் வழித்தோன்றல்கள் தம் மூதாதையின் புகழை அறிந்தனர். சில்லறைக் காசுக்கு விற்கப்பட்ட ஓவியங்கள் பெருஞ்செல்வமாகிவிட்டன. அச்செல்வத்தில் எங்கள் பங்கு எங்கே என்று அவர்கள் கேட்டனர். 1992ஆம் ஆண்டில் ஷானன்மீது வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டில் இரு தரப்பினரும் உடன்பாடு கண்டனர். பன்னிரண்டு ஓவியங்கள் குடும்பத்தாருக்கு வழங்கப்பட்டன. 1996ஆம் ஆண்டில் ஷானன் மறைந்தார்.

குடும்பத்தார் கேட்டது தவறு என்று நான் கருதவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூலியும் கணக்கும் மறுக்கப்பட்ட மக்கள், தம் பாட்டனாரின் உழைப்புக்குக் கணக்குக் கேட்டது முற்றிலும் முறையே. அதே வேளையில், ஷானன் இல்லையேல் கேட்பதற்கு ஒரு பொருளும் எஞ்சியிருந்திராது என்பதும் மெய். இவ்விரு உண்மைகளும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. காத்தவருக்கு நன்றி உரியது. படைத்தவருக்கும் அவர் வழியினருக்கும் உரிமை உரியது. நன்றி கூறுவதால் உரிமை தேய்ந்துவிடாது. உரிமை கேட்பதால் நன்றி கெட்டுவிடாது.

மேலும், இந்நட்பைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் ஷானன் கூறியவையே. டிரெய்லர் தம் கைப்பட வரலாறு எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுத அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. ஆகவே நண்பர் இருவரின் கதையில் ஒருவர் குரலே நம் காதில் விழுகிறது. மற்றவர் குரலை அட்டைகளில்தான் தேட வேண்டும். எழுத்தறியாமையின் பெருங்கேடு இதுவே. நம்மைப் பற்றி நல்லவர் ஒருவர் எழுதினாலும், அது அவர் எழுத்தாகவே நிற்கும், நம் எழுத்தாகாது.

2018ஆம் ஆண்டில்தான் டிரெய்லரின் கல்லறையில் அவர் பெயர் தாங்கிய நடுகல் நாட்டப்பெற்றது. 68 ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயரற்ற மண்ணில் உறங்கினார்.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாற்றை எழுதும்போது என் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், கணக்கு ஏட்டின் கடைசிப் பக்கங்களில் எருதுகளை வரைந்து வைத்திருந்த மாணவன் ஒருவனைக் கண்டித்தேன். நம் சேரியைச் சேர்ந்த பிள்ளை. கணக்கில் பிழை இருந்தது. எருதுகளில் பிழை இல்லை. நான் கணக்கை மட்டுமே பார்த்தேன். ஏட்டை வாங்கி அப்பக்கங்களைக் கிழித்தெறியச் செய்தேன். அவ்வாண்டே அவன் படிப்பை நிறுத்திவிட்டுச் செங்கற்சூளைக்குச் சென்றுவிட்டான். அவன் வரைந்த எருதின் கொம்பு வளைவு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காட்டுவதற்கு ஒரு தாளும் என்னிடம் இல்லை. மன்றோ தெருவில் நின்று பார்க்காமல் கடந்து சென்ற நூற்றுக்கணக்கானோரில் நானும் ஒருவன்.

நம் மக்களிடையே பறையின் அடவுகளை அறிந்த முதியோர் உளர். மண்ணால் உருவம் பிடிப்போர் உளர். நடவு வயலில் பாட்டுக் கட்டும் அன்னையர் உளர். ஒப்பாரியில் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே அடுக்கிச் சொல்லும் பாட்டிமார் உளர். அவர்களுக்கெல்லாம் ஒரு ஷானன் எங்கிருந்தோ வருவார் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? ஷானன் கொடுத்தவை எவை? சில புட்டி வண்ணம், சில தூரிகை, அருகிருந்து பார்த்த பொழுது, எறியாமல் காத்த பொறுமை. இவற்றுள் எது நம்மிடம் இல்லாதது? வேந்தராய் இருந்தால்தான் புரவலராகலாம் என்பதில்லை. நின்று பார்க்கத் தெரிந்தவர், பெயரைக் குறித்து வைப்பவர், பொருளைக் காத்து உரியவரிடம் ஒப்படைப்பவர் எவரோ அவரே புரவலர்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விக் கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்து வருகிறது. அவ்வெழுத்தைப் பெற்ற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்த விடுமுறையில் ஆளுக்கு ஓர் ஏடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் வாழும் முதியோர் ஒருவரிடம் சென்று அமருங்கள். அவர் பாடுவதை, வரைவதை, அடிப்பதை, சொல்வதை அவர் சொன்னவாறே எழுதுங்கள், திருத்தாதீர்கள். முதற்பக்கத்தில் அவர் பெயரையும், அவர்தம் தாய் தந்தையர் பெயரையும், ஊரையும், நாளையும் எழுதுங்கள். அவருக்குக் கையொப்பமிடத் தெரியாவிடில் கற்றுக்கொடுத்து, அவர் கையாலேயே அங்குப் பெயர் எழுதச் செய்யுங்கள். ஏட்டின் ஒரு படியை அவர் வீட்டிலும் மற்றொன்றைக் கழக நூலகத்திலும் வையுங்கள்.

பில் டிரெய்லரின் பெயர் கல்லில் ஏற 68 ஆண்டுகள் கடந்தன. நம் முதியோரின் பெயர் ஏட்டில் ஏற ஒரு விடுமுறை போதும்.